சுவருக்கு உள்ளே யாருடைய ஆட்சி?

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் எனது வீட்டுக்கு இணைய இணைப்பைப் பொருத்த வந்த இளைஞர், புறப்படும் வேளையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். "ஐயா, இது ஒரு கணனிக்கு மட்டுமான இணைப்பு. வேறொன்றைச் சேர்த்தால் துண்டித்துவிடுவார்கள்" என்றார். மகளின் கணனி அடுத்த அறையில் இருந்தது. மாதக் கட்டணத்தைச் செலுத்துபவன் நான்; சுவருக்கு உள்ளே எத்தனை கணனிகள் இருக்கின்றன என்பது கம்பனிக்கு எதற்கு என்று அன்று எனக்குக் கோபமே வந்தது. பின்னர் இதுபற்றித் தேடிப் படித்தபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. இது என் வீட்டுச் சச்சரவு மட்டுமல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு வழக்கு. அவ்வழக்கின் பிரதான களம் அமெரிக்கா.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தொலைபேசிச் சேவையை ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் ஏறத்தாழ ஏகபோகமாகவே நடத்திவந்தது. வீதியில் ஓடிய கம்பி மட்டுமன்றி, சந்தாதாரரின் மேசையில் இருந்த தொலைபேசிக் கருவியும் நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. அதற்கு மாத வாடகை அறவிடப்பட்டது. வெளியார் தயாரித்த எப்பொருளையும் அக்கருவியுடன் இணைக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி.

அந்த விதியை முதலில் அசைத்தது மின்சாரமே இல்லாத ஒரு கிண்ணம். 'ஹஷ்-ஏ-போன்' என்ற பெயரில் 1920கள் முதல் விற்கப்பட்ட அப்பொருளைத் தொலைபேசியின் வாய்ப்பகுதியில் கவ்வவைத்தால், பேசுபவரின் குரல் அருகில் இருப்பவருக்குக் கேளாது. அலுவலகங்களில் இரகசியம் பேசுவோருக்கு அது பெரிதும் பயன்பட்டது. ஏ.டி. அன்ட் டி. அதனையும் அந்நியப் பொருள் என்று தடுத்தது. 1948இல் கிண்ணம் தயாரித்தவர்கள் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஏழு ஆண்டுகள் விசாரித்த ஆணைக்குழு 1955இல் நிறுவனத்தின் பக்கமே சாய்ந்தது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிராகரித்தது. சந்தாதாரர் தமது கையைக் குவித்து வாயருகே வைத்துப் பேசினால் அது குற்றமில்லை. அதே வேலையைச் செய்யும் ஒரு பொருளைப் பொருத்தினால் மட்டும் குற்றமா என்பதே நீதிமன்றத்தின் தர்க்கம். பொதுமக்களுக்குத் தீங்கில்லாத வகையில் தமது தொலைபேசியைத் தமது நன்மைக்குப் பயன்படுத்தும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என்ற கோட்பாடு அங்கிருந்து பிறந்தது.

அடுத்து வந்தவர் டெக்சாஸைச் சேர்ந்த தோமஸ் கார்ட்டர். வெட்டவெளிகளில் வானொலித் தொடர்பு மட்டுமே உள்ளவர்களைத் தொலைபேசியுடன் இணைப்பதற்கு அவர் ஒரு பெட்டியை உருவாக்கினார். தொலைபேசியின் கைபிடியை அப்பெட்டியின் மேல் வைத்தால், குரல் ஒலியாகவே ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். கம்பியுடன் மின் தொடர்பு எதுவும் இல்லை. 1959 முதல் 1966 வரை ஏறத்தாழ 3,500 'கார்ட்டர்போன்' கருவிகள் விற்பனையாகின. அதனைப் பயன்படுத்துவோர் தண்டனைக்கு உள்ளாகலாம் என்று தொலைபேசிக் கம்பனிகள் சந்தாதாரர்களை எச்சரித்தன. கார்ட்டர் நீதிமன்றம் சென்றார்; நீதிமன்றம் விடயத்தை ஆணைக்குழுவிடம் அனுப்பியது. 1968 ஜூன் 26ஆம் திகதி ஆணைக்குழு கார்ட்டருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, இணைப்புத் தடை நியாயமற்றது என்று அறிவித்தது.

இத்தீர்ப்பின் பலன் உடனே கிட்டிவிடவில்லை. வெளியார் கருவிக்கும் தமது கம்பிக்கும் இடையில் தாமே வழங்கும் 'பாதுகாப்புக் கருவி' ஒன்று கட்டாயம் என்று ஏ.டி. அன்ட் டி. சிறிது காலம் வாதாடியது. 1970களின் பிற்பகுதியில்தான், பதிவுசெய்யப்பட்ட எந்தக் கருவியையும் சுவரிலுள்ள துளையில் நேரே செருகலாம் என்ற நிலை உறுதியானது. அந்தத் துளை வழியாகவே வீட்டுக்குள் மோடெம் நுழைந்தது. 1990களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான சிறிய இணைய வழங்குநர்கள் தோன்றியமைக்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். வீட்டில் மோடெம் வைக்கவோ, அந்த வழங்குநரை அழைக்கவோ தொலைபேசிக் கம்பனியின் அனுமதி எவருக்கும் தேவைப்படவில்லை.

1990களின் இறுதியில் கேபிள் வழியாக அதிவேக இணைப்புகள் வந்தபோது நிலைமை மாறியது. பல ஊர்களில் ஒரு கேபிள் கம்பனியும் ஒரு தொலைபேசிக் கம்பனியும் மட்டுமே அத்தகைய இணைப்பை வழங்கின. பழைய தடைகள் புதிய ஒப்பந்தங்களில் மீண்டும் முளைத்தன. ஓர் இணைப்புக்கு ஒரு கணனி. வீட்டில் சேவையகம் கூடாது. அலுவலக வலையமைப்புடன் வீட்டைப் பிணைக்கும் வீ.பி.என். கூடாது. வேண்டுமாயின் அதிகக் கட்டணத்தில் வர்த்தக இணைப்பைப் பெறுக.

வீ.பி.என். என்பது பொது வீதியில் செல்லும் மூடிய வண்டி போன்றது. வண்டி செல்வது எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருப்பது அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரியும். வீட்டிலிருந்து அலுவலகக் கோப்புகளைத் திறக்கும் கணக்காளருக்கும், இரண்டு கிளைகளை வைத்திருக்கும் சிறு கடைக்காரருக்கும், இரவில் வீட்டிலிருந்தே செய்தி அனுப்பும் பத்திரிகையாளருக்கும் அது அவசியமானது. தனிக் கம்பி வாடகைக்கு எடுக்கும் வசதி இவர்களுக்கு இல்லை.

கம்பனிகளின் நியாயத்தையும் இங்கு சொல்லவேண்டும். கேபிள் இணைப்பில் ஒரு பகுதியின் வீடுகள் யாவும் ஒரே கொள்ளளவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் மாதம் ஒரே கட்டணத்தைச் செலுத்திவிட்டு அளவின்றி எடுத்தால், பாதிக்கப்படுவது அயலவரே. ஆனால் இது எவ்வளவு எடுக்கிறார் என்பதை அளக்கவேண்டிய பிரச்சினை. எத்தனை கணனிகளில் எடுக்கிறார், வண்டிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இந்த நியாயம் விடையாகாது.

டிம் வூ என்ற சட்ட அறிஞர் 2003இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார். வீ.பி.என்., வீட்டு வலையமைப்பு, சேவையகம் ஆகியவற்றின் மீதான தடைகளைப் பட்டியலிட்டு, தொலைபேசிக் கம்பனிகளை விடக் கேபிள் கம்பனிகளே கூடுதலாகத் தடுக்கின்றன என்று காட்டினார். 'வலையமைப்பு நடுநிலை' என்ற சொல்லைப் பரவலாக்கியது அக்கட்டுரையே. திரைப்படங்களையும் பெரிய இணையத்தளங்களையும் பற்றியதாக இன்று பேசப்படும் அவ்விவாதத்தின் தொடக்கத்திலேயே வீட்டின் இரண்டாவது கணனியும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

தடைகளைத் தோற்கடித்தது சட்டம் மட்டுமன்று. ஒரு சிறு பெட்டியும்தான். இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே என்பதால் அவை தீர்ந்துவிடும் என்ற அச்சம் 1990களின் தொடக்கத்திலேயே எழுந்திருந்தது. பல கணனிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் முகவரி மாற்று முறையை 1994 மே மாதத்தில் ஏகவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஓர் ஆவணமாக வெளியிட்டனர். உள்வீட்டுப் பாவனைக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகள் 1996 பெப்ரவரியில் வரையறுக்கப்பட்டன. இன்று பல வீடுகளின் ரூட்டர்களில் காணப்படும் '192.168' என்று தொடங்கும் எண்கள் அவற்றுள் அடங்கும். கம்பனிகளை எதிர்ப்பது அவர்களின் நோக்கமன்று. ஆயினும் இம்முறையைப் பின்பற்றும் ரூட்டர் வெளியே ஒரே ஒரு கணனியாகவே தோன்றும். கம்பனிகள் முதற்கணனியின் வன்பொருள் இலக்கத்தைப் பதிந்துவைத்தபோது, அவ்விலக்கத்தையே தனதாகக் காட்டும் வசதியுடன் ரூட்டர்கள் விற்பனைக்கு வந்தன. 2002இல் ஸ்டீவன் பெலோவின் என்ற ஆய்வாளர் அத்தகைய ரூட்டருக்குப் பின்னால் எத்தனை கணனிகள் உள்ளன என்று வெளியிலிருந்தே எண்ணும் உத்தியொன்றை எழுதினார். அவருடைய நோக்கம் ஆய்வே. எனினும் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அது உணர்த்தியது.

2003இல் மிச்சிகன் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், தொடர்பொன்றின் மூலத்தையும் சேரிடத்தையும் சேவை வழங்குநரிடமிருந்து மறைப்பதைக் குற்றமாக்கியது. களவாகக் கேபிள் தொலைக்காட்சி பார்ப்போரைப் பிடிப்பதற்கென எழுதப்பட்ட அவ்வாசகம், சாதாரண ரூட்டரையும் வீ.பி.என்.ஐயும் கூடச் சட்டவிரோதமாக்கிவிடும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்ட்டன் சுட்டிக்காட்டினார். ஒரு வருடத்தில் காற்று திசை மாறியது. 2004 பெப்ரவரியில் ஆணைக்குழுவின் தலைவர் மைக்கேல் பவல், விரும்பிய கருவியை இணைக்கும் சுதந்திரத்தையும் உள்ளடக்கிய நான்கு சுதந்திரங்களை அறிவித்தார். 2005இல் அவை ஆணைக்குழுவின் கொள்கைக் கூற்றாயின. கம்பனிகளும் கணக்குப் பார்த்தன. தடுத்த ரூட்டரையே மாத வாடகைக்குக் கொடுத்தால் அதுவும் வருமானம்தானே! சொந்தமாகக் கருவி வாங்கியவரிடமும் வாடகை கேட்கும் வழக்கத்தை நிறுத்த 2019இல் அமெரிக்கக் காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

சட்டத்தின் பாதுகாப்பு நிலையானது அன்று. 2015இல் ஆணைக்குழு கொண்டுவந்த கடுமையான நடுநிலை விதிகள் 2017இல் நீக்கப்பட்டன. 2024இல் மீண்டும் வந்தன. 2025 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் செல்லாதவையாக்கப்பட்டன.

இந்தக் கதை நமக்குத் தொலைவானதன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. தடுக்கும்படி பணித்தது அரசு. தடுத்த கை இணைய வழங்குநர்களுடையது. அலுவலக ஊழியருக்கென உருவான வீ.பி.என்.ஐ அந்நாட்களில் பாடசாலை மாணவரும் கைத்தொலைபேசியில் இறக்கிக்கொண்டனர். நல்ல செய்தியும் அதன் வழியே சென்றது, பொய்ச் செய்தியும் சென்றது.

இன்னொரு மாற்றமும் சத்தமின்றி நடந்திருக்கிறது. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த இணைய முகவரிகள் தீர்ந்தன. அதன் பின்னர் பல வழங்குநர்கள் முகவரி மாற்று முறையைத் தமது பக்கத்திலேயே நிறுவி, நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கத் தொடங்கினர். அத்தகைய இணைப்புள்ள சிறு கடைக்காரர் தமது கடைக் கமராவை நேரடியாக வெளியூரிலிருந்து பார்க்க இயலாது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் செலுத்தவேண்டும். வீட்டுக்காரரின் கேடயமாக இருந்த கருவி, வழங்குநரின் வேலியாக மாறிவிட்டது. புதிய தலைமுறை முகவரியான ஐ.பி. ஆறு பரவலானால் இவ்வேலிக்கு அவசியம் இராது.

எனது வீட்டில் இப்போது கணனிகளை எண்ணுவதற்கு எவரும் வருவதில்லை. ஆயினும் அண்மையில் இணைப்பைப் புதுப்பித்தபோது, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை மூக்குக்கண்ணாடியுடன் முழுமையாக வாசித்த பின்னரே ஒப்பமிட்டேன். நீங்களும் ஒருமுறை வாசித்துப்பாருங்கள்.