தருமியின் வறுமையும் உப்பில்லாக் கீரையும்

நகைச்சுவைத் துணுக்குகளுக்கென்றே ஆதித்யா, சிரிப்பொலி என்று தனித் தொலைக்காட்சிகள் தோன்றியபின், இளந்தலைமுறைக்குச் சங்கப் புலவன் என்றவுடன் நினைவுக்கு வருபவர் நாகேஷ்தான். ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ (1965) படத்துத் தருமி அவர். பாட்டு எழுதத் தெரியாத, பரிசுக்கு ஏங்கும் ஏழை.

இந்தத் தருமி மிகப் பழையவர். ஏழாம் நூற்றாண்டின் அப்பரே, சங்கம் ஏறித் தருமிக்குப் பொற்கிழி அருளியவனாக இறைவனைப் பாடுகிறார். பரஞ்சோதி முனிவரின் புராணத்திலோ, தருமி தாய் தந்தையற்ற ஆதிசைவப் பிரமசாரி. திருமணம் செய்துகொள்ளப் பொருள் வேண்டி நிற்பவன். அங்கே அவன் சிரிப்புக்குரியவன் அல்லன். இறைவன் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டு, குறுந்தொகையின் இரண்டாம் பாட்டாக இன்றும் இருக்கிறது. பக்திக் கதைக்குள் பசியை நகைச்சுவையாக நுழைத்தது திரைப்படமே. 2006இல் வந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ இன்னும் ஒரு படி இறங்கி, சேரமானுக்கு இறைவனே திருமுகம் எழுதி அனுப்பிய பாணபத்திரரின் பெயரைப் ‘பாணபத்திர ஓணாண்டி’ ஆக்கியது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருக்க முடியாது.

ஆயினும் வானூர்ப் பக்கத்தார் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். வானூருக்கு வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில், இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. பாடிய நத்தத்தனாரும் தொலைவிலிருந்து வந்தவர் அல்லர். மரக்காணத்தை அடுத்து வடக்கே கிடக்கும் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர்.

269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் பாணன் தன் பழைய வீட்டைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. கூரை சரிந்த அடுக்களை, சுவரில் காளான். கண் திறவாத குட்டிகள் பால் வற்றிய முலையைப் பற்ற, வலி பொறாது குரைக்கிறது தாய்நாய். மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடக் கூடாதென்று நாணி, கதவை அடைத்துவிட்டுத்தான் சுற்றத்தோடு உண்கிறார்கள்.

உப்பு விளையும் கரையில் பிறந்த புலவர், வறுமையின் எல்லையைக் காட்ட உப்பில்லாக் கீரையைத் தேர்ந்தது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. உமணர் வண்டிகளில் ஏற்றிச் சென்ற பொருள் அது. பண்டமாற்றுக்கு ஏதுமில்லாத வீட்டில் அதுதான் முதலில் தீர்ந்திருக்கும். தருமி கோயில் மண்டபத்தில், எல்லாரும் கேட்கப் புலம்புகிறார். பாணன் வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. தொலைக்காட்சி கடன் வாங்கியது முன்னதை மட்டும்.

பரிசில் நாடிச் செல்வோர்க்கு எயிற்பட்டினத்துப் பரதவர் தருவது, நுளைமகள் அரித்த கள்ளும் சுட்ட உலர்ந்த குழல்மீனும். கருவாடாயிற்றே, அதில் உப்பு இருந்திருக்கும்.