படிக்கட்டின் இடப்பக்கம் ஒரு பாடம்

பூச்சோங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் பத்துமலை. வேல் வேல் என்று 272 படிகள் ஏறுகிறார்கள் பக்தர்கள். முக்கால்வாசி ஏறியதும் இடப்பக்கம் ஒரு வாசல். இருட்டுக் குகை! எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்?

தம்புசாமிப் பிள்ளை முருகனை வைப்பதற்கு முன்பே, சீனர்கள் இந்த மலைக் குகைகளில் வௌவால் எச்சத்தை உரத்துக்காக அள்ளினார்கள். 1878-ல் அமெரிக்கர் ஹார்னடே வந்து பார்த்து உலகுக்குச் சொன்னார்.

பிற்காலத்தில் தலைக்கவசம், டார்ச் கொடுத்து வழிகாட்டிகள் உள்ளே அழைத்துப் போனார்கள். நடுவில், "விளக்கை அணையுங்கள்" என்பார்கள். கண் திறந்திருந்தும் கை தெரியாது!

அந்த இருட்டில் ஓர் ஊரே வாழ்கிறது. வௌவால் எச்சத்தைக் கரப்பான் தின்னும். பூச்சிகளைச் சிலந்தி பிடிக்கும். வளைக்குக் கதவு போட்டு வாழும் ஓர் அரிய சிலந்தியும் இங்கே உண்டு. அதன் அறிவியல் பெயரிலேயே 'பத்து' இருக்கிறது.

பாறையைத் தொடாதே என்பார் வழிகாட்டி. கை எண்ணெய் பட்டால் சுண்ணாம்பு விழுது வளர்வது தடைப்படும். ஒரு விரல் அளவு வளரவே பல நூறு ஆண்டுகள் ஆகலாம்!

மலையை உடைத்த குவாரிகள் 1980-களில் நின்றன. நல்லது. 2019-ல் வழிகாட்டிச் சுற்றும் நின்றது. அது நல்லதா? குகைக்கு ஓய்வு கிடைத்தது, சரி. ஆனால் பிள்ளைகளுக்குப் பாடம் போயிற்றே! பார்க்காததை யார் நேசிப்பார்? நேசிக்காததை யார் காப்பாற்றுவார்?