மாஸ்க் (அசைவு வரைகலை)

படச்சட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டி மீதியை மறைக்கும் வடிவம் மாஸ்க். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் போன்ற மென்பொருள்களில் வட்டம், செவ்வகம், பேனா கருவியால் வரைந்த வளைகோடு என எதுவும் மாஸ்க் ஆகலாம். கணினிக்கு முன் இந்த வேலையைக் கறுப்பு அட்டையும் கறுப்புத் துணியும் செய்தன.

திரைப்படத்தில் இந்த உத்தியைத் தொடங்கிவைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிரான்ஸின் ஜார்ஜ் மெலியேஸ் 1898இல் எடுத்த குறும்படமொன்றில் தன் தலையை மூன்று முறை கழற்றி மேசைமேல் வைக்கிறார். கறுப்புப் பின்னணியின் முன்னே ஒரே பிலிமில் பலமுறை பதிந்த காட்சி அது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், குழந்தைகள் தூங்கும் அறைக்குள்ளேயே ஒரு வட்டம் திறந்து, கூரைமேல் வந்திறங்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காட்டினார். இருவரும் தனித்தனியே இந்த உத்தியை எட்டியிருக்கலாம்.

ஸ்மித்தின் 1900ஆம் ஆண்டுப் படமொன்றில் சிறுவன் பாட்டியின் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு செய்தித்தாள், கடிகாரம், கூண்டுப் பறவை, பூனைக்குட்டி என ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். அவன் பார்ப்பதெல்லாம் கறுப்புச் சட்டத்தின் நடுவே வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் நிறையப் பாட்டியின் கண் உருண்டு விழிக்கும் சில நொடிகள் இன்றும் சிரிப்பூட்டும்.

எட்வின் போர்ட்டரின் 'தி கிரேட் டிரெயின் ராபரி' (1903) படத்தில் தந்தி அறையின் சன்னலுக்கு வெளியே ரயில் வந்து நிற்கிறது. அறையும் ரயிலும் வெவ்வேறு இடங்களில் எடுக்கப்பட்டு, ஒரே சட்டத்தில் இணைந்தவை.

அசையாத அட்டையால் நடக்கும் ஆளைப் பின்தொடர முடியாது. 1918இல் காப்புரிமை பெற்ற பிராங்க் வில்லியம்ஸ் இதற்கு வழி கண்டார்: நடிகரைக் கறுப்புப் பின்னணியில் படமெடுத்து, அந்தப் பிலிமிலிருந்தே அவரது நிழலுருவைப் பிரித்து மாஸ்க் ஆக்கினார். 'தி இன்விசிபிள் மேன்' (1933) படத்தில் ஜான் ஃபுல்டன் நடிகரின் தலையையும் கைகளையும் கறுப்பு வெல்வெட்டால் மூடி, மேலே வழக்கமான உடையை அணிவித்தார். திரையில் உடை மட்டும் நடந்தது. எஞ்சிய குறைகளைச் சட்டம் சட்டமாகக் கையால் தீட்டித் திருத்தினார்கள். அந்தப் பொறுமைக்கு ஈடாக எதையும் சொல்வது கடினம்.

கறுப்புக்குப் பதில் நீலப் பின்னணியில் படமெடுக்கும் நீலத்திரை முறை 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' (1940) படத்தில் லாரி பட்லரின் கைவண்ணத்தில் புகழ்பெற்றது.

1970களின் இறுதியில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் நிறத்தோடு ஒளிபுகும் அளவையும் சேர்த்துவைத்தனர். இதுவே ஆல்ஃபா சேனல். மாஸ்க்கின் விளிம்பு பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் இருப்பதைக் கணினி இதன்மூலம் கணக்கிட முடிந்தது. அடுக்குகளை இணைக்கும் விதிகளைத் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வகுத்தனர்.

மாஸ்க் வரையப் பயன்படும் வளைகோடு, ரெனோ நிறுவனப் பொறியாளர் பியர் பெசியேயின் பெயரைத் தாங்குகிறது. சித்ரோயன் நிறுவனத்தின் பால் த காஸ்டெல்ஜோ அதை முன்பே கண்டறிந்தார் என்றே பலரும் கருதுகின்றனர். அவருடைய நிறுவனம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் வெளிவந்தது. ஷேப் லேயர் அதில் 2007இல் சேர்ந்தது. ஒரு வீடியோ லேயரைத் தேர்ந்துகொண்டு வட்டம் வரைந்தால் அது மாஸ்க் ஆகும். எதையும் தேர்ந்தெடுக்காமல் வரைந்தால் தனக்கென நிறமும் கோடும் கொண்ட ஷேப் லேயர் ஆகும். புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது.

ஆளின் விளிம்பைத் தானே கண்டுகொள்ளும் ரோட்டோ பிரஷ் கருவி அதே மென்பொருளில் 2010இல் வந்தது. 2020இல் இயந்திரக் கற்றல் அடிப்படையில் புதுப்பிக்கப்பட்டது.