நட்டவர் யார், பிடுங்குவோர் யார்?

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலான உயரத்திலே கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளி, மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீரூட்டும் நிலமாகும். மரைகள் மேயும் அதன் பத்தனைப் புல்வெளியில் மாணவர்களும் தொண்டர்களும் மண்வெட்டியும் கையுமாய் நின்று ஒரு முட்செடியை வேரோடு அகழ்ந்தெறியும் காட்சி அண்மைக் காலத்தது. மஞ்சட் பூப் பூக்கும் அச்செடிக்குக் கோர்ஸ் என்று பெயர். மேற்கு ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட அது பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே நம் மலைநாட்டை வந்தடைந்தது.

மாணவரின் உழைப்பைப் பலரும் புகழ்கின்றனர். புகழட்டும். ஆயின், புகழுரையோடு நின்றுவிடுவோர் ஒரு கேள்வியைக் கேளாமலே விட்டுவிடுகின்றனர். இச்செடிகளை இந்நாட்டுக்குக் கொணர்ந்தவர் யார்? வயலில் நின்ற உழவனா? தோட்டத்துக் கூலித் தொழிலாளியா?

வரலாறு வேறு விடை கூறுகின்றது. பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அழகியல் ஆர்வமும் அறிவியல் ஆர்வமும் அதில் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் எந்தப் பயிர் பேரரசுக்குப் பொருள் தரும் என்று பரிசோதிக்கும் களமாகவும் அது விளங்கிற்று. நாயுண்ணி என்றும் உண்ணிச்செடி என்றும் நம்மவர் வழங்கும் லன்டானா 1826இல் அப்பூங்காவின் வழியாகவே இத்தீவுக்குள் புகுந்தது. பின்னர் கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைத்துரு நோயினாற் கோப்பியும் அழிந்தது. காடும் பயிரும் இழந்து வெறுமையாய்க் கிடந்த நிலத்தைப் போல உண்ணிச்செடிக்கு உவப்பானது வேறில்லை. இன்று வனவிலங்குப் பூங்காக்களில் யானைக்குரிய புல்லை நெருக்கிக்கொண்டு அது புதராய் மண்டிக் கிடக்கின்றது.

ஆகாயத்தாமரையின் கதையும் இதற்கு ஒத்ததே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் ஊதாப் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அதன் வரவையும் பரவலையும் தடுப்பதற்கென 1909ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது செடி முன்னரே வந்துவிட்டது. வந்தபின் கதவடைப்பது ஆள்வோரின் பழைய வழக்கம் போலும்!

இவற்றுள் நாம் சற்று நின்று நோக்க வேண்டியது சல்வீனியா. காரணம், அது 1939இல் இத்தீவை அடைந்தது கொழும்பிலே உயர்கல்வி பயில்வோருக்கான தாவரவியற் பிரிவின் மூலமாகும். மாணவர் கற்பதற்கென்று வந்த நீர்ப்பன்னம் குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் தப்பிச் சென்றது. 1950களின் நடுப்பகுதிக்குள் சுமார் 22,000 ஏக்கர் வயலையும் 2,000 ஏக்கர் நீர்நிலையையும் அது மூடிவிட்டது. விதையோ வளமான வித்தியோ அதற்கு இல்லை. ஒடிந்த துண்டொன்றில் மொட்டு ஒன்று எஞ்சினாற் போதும், சில நாட்களில் இரட்டிப்பாகும். எனவே, வாரிக் கரையேற்றுகின்ற கையே துண்டுகளை உடைத்து நீரிற் பரப்பும் கையாகவும் ஆயிற்று. உழவர் பட்ட பாடு வீணாயிற்று என்பதைவிட, அப்பாட்டுக்குத் துணையாக அறிவு வந்து சேரவில்லை என்பதே பொருந்தும்.

அவ்வறிவு வந்து சேர்ந்த விதம் விந்தையானது. இந்தக் களையை நெடுங்காலமாக வேறொரு சல்வீனியா இனமென்றே தாவரவியலாளர் கருதி வந்தனர். அது தனி இனம் என்று பெயரிடப்பட்டது 1972இலேதான். அதன்பின் தாயகத்தைத் தேடியவர்கள் தென்கிழக்குப் பிரேசிலில் அதனைக் கண்டனர். அதனைத் தின்று வாழும், அரிசிமணியிலும் சிறிய வண்டொன்றையும் அங்கேயே கண்டனர். அவ்வண்டு 1980இல் அவுஸ்திரேலியாவின் ஏரியொன்றில் விடப்பட்டுச் சுமார் ஓராண்டிற் களையை அடக்கிற்று. இலங்கைக்கு அது 1986இல் வந்தது. பெயர் தவறாயிருந்த காலமெல்லாம் மருந்தும் தவறாகவே இருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்! அத்தனை ஆண்டுக் கூலியற்ற உழைப்பையும் எந்தக் கணக்கேட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

மீண்டும் மலைக்கு வருவோம். கோர்ஸ் செடியை அடக்கச் சல்வீனியா வண்டு போன்றதொரு துணை நம் மலையில் இல்லை; கையும் மண்வெட்டியுமே துணை. வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் தளிர்க்கும். எரித்தாலோ மண்ணுள் உறங்கும் விதைகள் விழித்துக்கொள்ளும். வெயிலில் வெடிக்கும் நெற்று விதைகளை வீசியெறிகின்றது. அவை பல பத்தாண்டுகள் முளைக்காமலே உயிரோடு கிடக்க வல்லவை. 1960களிலும் 1970களிலும் இச்சமவெளியின் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கு பயிரிட்டனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும். புரட்டப்பட்ட மண்ணே களைக்கு வாசல். 1988இல் இது தேசிய பூங்காவாயிற்று, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. விதைகளுக்கோ அப்பட்டியல்கள் தெரியா.

இதனாலேயே ஒரு நாட் சிரமதானத்தை நாம் ஐயத்தோடு நோக்க வேண்டியிருக்கின்றது. பதாகை, உரை, புகைப்படம், மாலையில் பேருந்து. மறு ஆண்டு வேறொரு பாடசாலை, வேறோர் இடம். முதலில் அகழ்ந்த குழியில் நூறு முளைகள் எழுந்துவிட்டதைக் காண எவரும் வருவதில்லை. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்ற முகாமிலிருந்து ஓர் இயக்கமே பிறந்தது. அதற்குக் காரணம் அவர்கள் மீண்டும் மீண்டும் கிராமங்களுக்குச் சென்றமைதான். மாணவர் கை கூலியின்றிக் கிடைக்கின்றது என்பதற்காக அரசு தன் கடமையை அதன்மேல் இறக்கி வைத்துவிடவும் கூடாது. காவலரும் கருவியும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணமும் இன்றி இவ்வேலை நடவாது.

மாணவருக்கு மண்வெட்டியோடு ஒரு பதிவேடும் கொடுக்கலாம். பேராதனைப் பூங்காவின் அலெக்சாண்டர் மூன் இத்தீவின் தாவரங்களையும் வெளியிலிருந்து வந்தவற்றையும் பட்டியலிட்டு 1824இல் நூலாக வெளியிட்டார். வந்தவற்றுக்குப் பட்டியல் இருந்தது, பிடுங்கப்படுபவற்றுக்கு இல்லை. எந்தத் துண்டு நிலம், எந்த மாதம், பூக்கு முன்னரா பின்னரா, எத்தனை செடி, அடுத்த ஆண்டு எத்தனை முளை என்று ஒரு வகுப்பு எழுதிவைத்ததை அடுத்த வகுப்பு கையேற்று, அதே துண்டு நிலத்துக்குத் திரும்பிச் செல்லவேண்டும்.