மண்ணீரலில் முளைத்த முடிச்சுகள்

கனடா தேசத்து டொராண்டோ மாநகரின் ஷெர்போர்ன் தெருவில் 1958-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையும், அதனோடு இணைந்து இயங்கிய ஒண்டாரியோ புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் வைத்திய உலகுக்கு அளித்த கொடை யாதென்று கேட்டால், கதிர்வீச்சுச் சிகிச்சையையே பலரும் சொல்லக்கூடும்; என் மனத்தில் முதலாவதாக நிற்பவையோ, அங்கே சில சுண்டெலிகளின் மண்ணீரலில் எண்ணப்பட்ட முடிச்சுகளே ஆகும்.

அணுகுண்டின் அச்சம் உலகைப் பீடித்திருந்த காலம் அது. இரத்தத்தை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சு எந்த அளவுக்குச் சிதைக்கும் என்பதை அளந்தறிய வேண்டிய அவசியம் வைத்தியர்களுக்கும் அரசாங்கங்களுக்கும் ஒருங்கே இருந்தது. அவ்வேலையை மேற்கொண்டவர்களுள் எர்னஸ்ட் மெக்கலக் டொராண்டோவிலேயே பிறந்து, இரத்த நோய்களில் தேர்ந்த வைத்தியர். ஜேம்ஸ் டில், சஸ்காச்சுவான் எல்லையிலுள்ள ஒரு பண்ணையில் வளர்ந்து பௌதிகம் கற்றவர். மரணம் விளைவிக்கும் அளவு கதிர்வீச்சுக்கு ஆளாக்கிய சுண்டெலிகளின் இரத்தக்குழாயில் ஆரோக்கியமான மஜ்ஜையணுக்களைச் செலுத்தி, எத்தனை அணுக்களுக்கு எத்தனை எலிகள் பிழைக்கின்றன என்று கணக்கிடுவதே அவர்கள் எடுத்துக்கொண்ட காரியம். 1960-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்கலக் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு முன் அணுக்கள் செலுத்தப்பெற்ற எலிகளை அறுத்துப் பார்த்தபோது, மண்ணீரலின்மேல் சிறுசிறு முடிச்சுகள் புடைத்து நிற்கக் கண்டார். தேடி வந்தது அதுவன்று என்று ஒதுக்கிவிடாமல், ஒவ்வோர் எலியிலும் அம்முடிச்சுகளை எண்ணி, செலுத்திய அணுக்களின் தொகைக்கு எதிரே கட்டத்தாளில் குறித்தார். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து நின்றன. சுமார் 10,000 மஜ்ஜையணுக்களுக்கு ஒரு முடிச்சு என்பது கணக்காயிற்று.

1961-இல் இச்செய்தி வெளிவந்தது கதிர்வீச்சு ஆராய்ச்சிக்குரிய பத்திரிகையொன்றில். ஆகவே பலர் கண்ணில் அது படவில்லை. ஆயினும் 1963-இல், அவர்களுடைய மாணவர் ஆண்ட்ரூ பெக்கர், நிறமூர்த்தங்களில் கதிர்வீச்சினால் விழுந்த வடுக்களையே அடையாளமாகக் கொண்டு, முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே அணுவின் சந்ததி என்று நிரூபிக்கத் துணைநின்றார். தன்னைப் போன்றதையும் பெருக்கி, தன்னினின்று வேறான பலவகை இரத்த அணுக்களையும் ஈனும் மூல அணு ஒன்று உண்டு என்ற அபிப்பிராயம் இவ்வாறு பிரத்தியட்சமாயிற்று. அதைத்தான் நாம் இன்று குருத்தணு என்கிறோம். முடிச்சுகளை ஈன்றவற்றுள் பல, மெய்யான மூல அணுவுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவை என்று பின்வந்தோர் திருத்தியதுண்டு. அதனால் அந்த எண்ணிக்கையின் பெருமை குறைந்துவிடவில்லை.

அதே நிலையத்தைச் சேர்ந்த விக்டர் லிங், ருடால்ஃப் ஜூலியானோ என்பாருடன் கூடி 1976-இல் கண்டது வேறொரு விஷயம். நம் நாட்டுக் கண்வலிக் கிழங்கிலும் உள்ள கொல்சிசீன் என்னும் நஞ்சிலே வளர்த்துப் பழக்கிய வெள்ளெலி அணுக்கள், அந்நஞ்சை மட்டுமன்றி, தாம் ஒருபோதும் கண்டிராத வேறு பல புற்றுநோய் மருந்துகளையும் எதிர்த்து நின்றன. அவற்றின் மேற்சவ்வில் மிகுந்திருந்த புரதத்துக்கு, மருந்தை உள்ளே புகவொட்டாமல் தடுப்பது என்ற கருத்தில் பி-கிளைக்கோபுரதம் என்று பெயரிட்டார்கள். உண்மையில் அது உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடும் ஏற்றம் என்பது பின்னால் தெளிவாயிற்று. மனித மஜ்ஜையின் குருத்தணுக்களிலும் இவ்வேற்றம் இயல்பாகவே இறைத்துக்கொண்டிருக்கிறது என்று 1991-இல் அறியவந்தது. நஞ்சினின்றும் தன் வித்தைக் காக்க உடல் எழுப்பிய அரணே, நோய்க்கும் அரணாகிவிடும் விபரீதத்தை என்னென்பது!

கட்டி கரைந்தது, இரத்தம் தெளிந்தது என்று கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பி, ஓராண்டுக்குள் அதே வாசலில் மீண்டும் வந்து நின்ற குடும்பங்களை அறியாதவர் நம்மில் யார்? அத்துயரத்தின் காரணத்தை நெருங்கியவர், அதே நகரத்தில் ஆராய்ந்த ஜான் டிக். நோயெதிர்ப்புச் சக்தியற்ற சுண்டெலிகளுக்குள் மனிதரின் இரத்தப் புற்றணுக்களைச் செலுத்திய அவரும் அவருடைய கூட்டத்தாரும், 2,50,000 அணுக்களுக்கு ஒன்று என்ற அளவிலேயே நோயைப் புதிதாக வளர்க்கவல்ல அணு இருக்கிறது என்று 1994-இல் வெளியிட்டார்கள். நம் மொழி இந்நோயைப் புற்று என்கிறது. கரையான் புற்றை மண்வெட்டியால் தரைமட்டமாக்கினாலும், அடியில் தாய்க்கரையான் பிழைத்திருக்குமாயின் மழைக்குப்பின் அது மீண்டும் எழும் என்பதை நாட்டுப்புறத்தார் அறிவர். மருந்துகளிற் பெரும்பாலானவை, விரைந்து பிரியும் அணுக்களையே தாக்குபவை. மூல அணுவோ பெரும்பொழுது பிரியாது உறங்கிக் கிடப்பது. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் கட்டியின் சுருக்கத்தை மாத்திரம் அளந்து மருந்தின் வெற்றியைத் தீர்மானிப்பது போதாது என்பதே என் துணிபு.

நோயை வளர்க்கவல்ல அணு அரிது என்பது எல்லாப் புற்றுக்கும் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. தோலில் தோன்றும் மெலனோமாவில், இன்னும் எதிர்ப்புக் குன்றிய எலிகளைக்கொண்டு சோதித்தபோது, நான்கு அணுக்களுக்கு ஒன்று வீதம் கட்டியை வளர்த்ததை மிச்சிகனில் ஷான் மாரிசன் குழுவினர் 2008-இல் காட்டினர். இறைக்கும் ஏற்றத்தை அடைத்துவிட முயன்ற மருந்துகளும் நோயாளிகளிடத்தே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.

மெக்கலக் 2011-இல் காலமானார். 2017-இல் டிக்கின் குழுவினர், இரத்தப் புற்று மீண்டும் தோன்றிய நோயாளிகளின் பழைய இரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தனர். மீண்டு வந்த நோயின் வித்து, நோய் கண்டறியப்பட்ட அன்றே, மருந்தின் ஒரு துளியும் உடலிற் சேருமுன்பே, அந்த இரத்தத்தில் இருந்தது.