வனவிலங்குப் படங்களும் நண்பகல் வெயிலும்

காட்டு விலங்குகளைக் கமராவிலே பிடித்த வரலாற்றைக் கூறுவோர், படம் பிடித்தவர்களின் துணிவையும், மரக்கிளையிலும் மறைவிடத்திலும் அவர்கள் காத்திருந்த பொறுமையையும் விரித்துரைப்பர். அந்த வரலாற்றிலே சூரியனுக்குரிய பங்கை எடுத்துரைப்போர் சிலரே. நேயர்களே, அந்தப் பங்கையே இன்று சிறிது ஆராய விரும்புகின்றேன். நிறப்படம் பிறந்தவுடன் கறுப்பு வெள்ளைப் படம் தோற்று ஒதுங்கிற்று என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நிறப்படம் நெடுங்காலம் வெயிலுக்கு அடிமைப்பட்டுக் கிடந்தது. காட்டு விலங்கோ வெயிலை வெறுப்பது. இந்த முரண்பாட்டிலேதான் நம் கதை பிறக்கின்றது.

வரண்ட பிரதேசத்துக் குளக்கரையிலே நண்பகலில் நிற்கும் ஒரு யானையை மனத்தில் எண்ணிப் பாருங்கள். முதுகு வெயிலிலே வெளுத்துத் தோன்றும். வயிற்றின் கீழே இருள் மண்டியிருக்கும். கண் இருக்குமிடத்தில் ஒரு கரும்பள்ளமே தெரியும். நமது கண் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கும் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கும் நொடிக்கு நொடி தன்னை மாற்றிக்கொள்வதனால், அந்தக் குறை நமக்குத் தென்படுவதில்லை. பிலிமுக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஒரே திறப்பில் வெளிச்சத்தையும் இருளையும் அது வாங்கியாக வேண்டும்.

ஆதியிலிருந்த புகைப்படத் தட்டுகள் நீல ஒளிக்கே பெரிதும் வசப்பட்டன. 1873ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான ஹேர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தட்டு பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டறிந்தார். அதன் பின்னரும் செந்நிறம் அதற்கு இருளாகவே இருந்தது. விளைவு என்ன? வானம் வெள்ளைத் தாளாகிவிடும். வேங்கையின் செம்மஞ்சள் மேனி கறுத்து, அதன் கரிய வரிகளோடு ஒன்றிவிடும். எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே விற்பனைக்கு வந்தன. அதற்குப் பின்னரே கறுப்பு வெள்ளைக் கலைஞனுக்கு நிறக்கண்ணாடி முழுத் துணையாயிற்று. மஞ்சள் கண்ணாடியை வில்லையின் முன்னே பொருத்தினால் வானம் சற்றுக் கருகும். செம்மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தினால் புள்ளிமானின் செம்மேனி இலைகளின் பச்சையிலிருந்து பிரிந்து நிற்கும்.

சிலர் சூரியனையே கைவிட்டு இரவை நாடினர். ஜேர்மனியரான ஷில்லிங்ஸ் என்பார் கிழக்கு ஆபிரிக்காவிலே மின்னொளித் தூளைக் கொளுத்தி இரவு விலங்குகளைப் படம் பிடித்து, 1905இல் அவற்றை நூலாக்கினார். இந்தியாவிலே வனத்துறை அதிகாரியான சாம்பியன், வேங்கை தானே கம்பியை மிதித்துத் தன் படத்தை எடுக்கும்படி பொறியமைத்தார். அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. துப்பாக்கியும் கையுமாகச் சென்ற தலைமுறையிலே இவர் கமராவை விரும்பியது பெரிய காரியம் என்றே நான் கருதுகின்றேன்.

இனி நிறப்படத்தின் கதை. பிரான்சிலே லூமியர் சகோதரர் 1907இல் ‘ஒட்டோகுரோம்’ என்னும் தட்டை விற்பனைக்கு விட்டனர். உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு மூவகைச் சாயமேற்றிக் கண்ணாடியிலே பரப்பிய விந்தை அது! ஆயினும் கடும் வெயிலிலும் அதற்கு ஒரு செக்கனோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. எந்த மான் அத்தனை நேரம் அசையாது நிற்கும்? 1926இல் புளோரிடாவை அடுத்த கடலிலே, லோங்லி, மார்ட்டின் என்ற இருவர் நீரின் அடியில் நீந்தும் மீனை நிறப்படமாகப் பிடிக்க முனைந்தபோது, மிதவையொன்றில் ஏறத்தாழ ஓர் இறாத்தல் மக்னீசியத் தூளை வைத்து வெடிக்கச் செய்தனர். சூரிய ஒளி போதாமையால் வந்த வெடி அது.

1935இல் வெளிவந்த கொடாக்குரோம் நிலைமையை ஓரளவு மாற்றியது. ஆனால் அதன் வேகம் ஏஎஸ்ஏ அளவில் ஏறத்தாழ 10. கணக்கொன்றைச் சொல்கின்றேன், பொறுத்தருள்க. தொலைவில்லையின் துவாரத்தை எஃப் 5.6 அளவுக்குத் திறந்தாலும், முழு வெயிலில் அந்தப் பிலிமுக்கு ஒரு செக்கனின் 80இல் ஒரு பங்கு வேண்டும். ஒளி பதினாறில் ஒன்றாய்க் குறையும் மரநிழலிலே செக்கனின் 5இல் ஒரு பங்கு வேண்டும். காதசைக்கும் யானை அதற்குள் கலங்கிய உருவாகிவிடும். 1954இல் வந்த ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளைப் பிலிமின் வேகம் 200. அதே நிழலில் அதற்குச் செக்கனின் 100இல் ஒரு பங்கு போதும். நிறம் வேண்டியவன் விலங்கை வெயிலில் சந்திக்க வேண்டியிருந்தது. அந்த வெயிலோ அவனது படத்தைக் கெடுத்தது. கறுப்பு வெள்ளைக்காரன் விலங்கைத் தேடி நிழலுக்குள்ளே போகலாம். அன்றியும், நிறப்படச் சுருளைத் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தையோ தன் இருட்டறையிலே தானே கழுவி, யானையின் வயிற்றடியில் விழும் ஒளியைக் கையால் மறைத்தும், வெளுத்த முதுகுக்கு மேலும் ஒளி கொடுத்தும் வெயிலின் கொடுமையை ஓரளவு தணிக்கலாம்.

இவ்வகையிலே நம் மொழிக்கு உறவான ஒருவரைக் குறிப்பிட வேண்டும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996), கறுப்பு வெள்ளையிலேயே தென்னிந்தியக் காடுகளின் விலங்குகளைப் படமாக்கினார். பல கமராக்களின் உறுப்புகளைக் கூட்டித் தாமே அமைத்த கனத்த கருவிக்கு ‘சுப்பர் பொண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். 1959 முதல் 1970 வரை தீபகற்ப இந்தியாவிலே பெரிய பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1975இல் வெளிவந்தது. அவருக்குப் படம் வெறும் அலங்காரமன்று, சாட்சி. யானையின் தோல் மடிப்பும், காட்டெருதின் தசைக்கட்டும் அவர் படங்களிலே எழுத்துப்போல் தெளிவாக நிற்கின்றன.

நிறத்தை நான் இகழ்வதாக எண்ணவேண்டாம். மீன்கொத்தியையும் காட்டுச் சேவலையும் சாம்பல் நிறத்தில் காண்பது பாதிக் காட்சியே. பிலிமின் வேகக் குறையும் இப்போது இல்லை. டிஜிட்டல் கமரா அந்திமங்கலிலும் நிறம் பிடிக்கின்றது, விரும்பினால் பின்னர் நிறத்தை நீக்கியும் விடலாம். ஆயினும் நண்பகலின் கண்குழி நிழல் இன்றும் கண்குழியிலேதான் கிடக்கின்றது.

வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு மற்றொன்றே பெரிதாகத் தோன்றுகின்றது. 1960களிலும் 1970களிலும் அச்சிட்ட நிறப்படங்கள் பல, சாயம் மங்கிச் செம்மை படர்ந்துவிட்டன. அவற்றில் ஒரு விலங்கின் மெய்ந்நிறம் யாதென்று இனி எவரும் சாதிக்க முடியாது. நன்கு கழுவிக் காத்த வெள்ளிப் படிவமோ நிலைத்து நிற்கின்றது. கிருஷ்ணன் மறைந்து பத்தாண்டுகளின் பின், 2006இல், அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற பெயரில் நூலாக அச்சேறின.