பெயர்த்தகடு என்னும் சிறு கல்வெட்டு

மூலம் கிடைத்து உரை கிடைக்காத நூலை வைத்துக்கொண்டு தவிப்பது எப்படிப்பட்டது என்பதை இலக்கிய அன்பர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சொற்கள் கண்முன் நிற்கும். பொருள் கைக்கு எட்டாது. இயந்திரங்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. அமெரிக்கப் பட்டறைகளில் அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்தும் ஓடும் நிலையிலுள்ள கம்ப்ரசர்கள் பல உள்ளன. செய்தவர் மறைந்துவிட்டார், கையேடு தொலைந்துவிட்டது, இரும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. அவற்றின் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் தேடுவோர் மேற்கொள்ளும் பணி, நம் பதிப்பாசிரியர்களின் பணிக்கு வெகு தொலைவில் இல்லை.

முதலில் சற்றே பின்னோக்கிச் செல்வோம். அழுத்தப்பட்ட காற்றின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய பெரும்பணி ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த ஃப்ரேஜூ சுரங்கப்பாதையாகும். 1857இல் தொடங்கிய இவ்வேலையில் 1861 முதல் ஜெர்மைன் சொமையே வடிவமைத்த காற்றுத் துளைப்பான்கள் பயன்பட்டன. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1871இல் திறக்கப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1869இல், அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் இரயில்களுக்கான காற்றுத் தடைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சைமன் இங்கர்சால் தமது பாறைத் துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றது 1871இல். சுரங்கம், இரயில், கல்லுடைப்பு என மூன்று துறைகளிலும் காற்று வேலைக்காரனாயிற்று. பின்னர் வண்டிப் பட்டறைகளுக்கும் வண்ணம் தெளிக்கும் கூடங்களுக்கும் சிறு கம்ப்ரசர்கள் வந்து சேர்ந்தன. இங்கர்சால்‑ராண்ட் நிறுவனத்தின் ‘டைப் 30’ வகை 1929இல் அறிமுகமாயிற்று.

இவ்வியந்திரங்கள் நீண்டகாலம் வாழ்வதற்குக் காரணம் எளியது. கனத்த வார்ப்பிரும்பு உடல், மெதுவான சுழற்சி, கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். எண்ணெயை முறையாக மாற்றிவந்தால் ஒரு தலைமுறையைத் தாண்டி உழைக்கும். ஆனால் நிறுவனங்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. இருந்தாலும் பெயர் நிலைப்பதில்லை. இங்கர்சால்‑ராண்ட் என்னும் பெயரே 1905இல் இரு துளைப்பான் நிறுவனங்கள் இணைந்ததால் பிறந்தது. அதன் தொழில்துறைப் பிரிவு 2020இல் கார்ட்னர் டென்வருடன் இணைந்தது. இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகரில் 1920இல் தொடங்கிய குவின்சி கம்ப்ரசர் நிறுவனம், 1966இல் கோல்ட் இண்டஸ்ட்ரீஸ் வசமாகி, 2010இல் சுவீடனின் அட்லஸ் காப்கோவிடம் சென்றது. கை மாறினாலும் பெயர் பிழைத்திருப்பது குவின்சியின் நற்பேறு. வேறு பல நிறுவனங்களோ, கையேட்டை அச்சிட்டவர், படம் வரைந்தவர், பாக எண்களை மனத்தில் வைத்திருந்தவர் என அனைவரோடும் சேர்ந்து மறைந்தன.

குவின்சி இயந்திரத்தின் பெயர்த்தகட்டில் மாதிரி எண், வரிசை எண் ஆகியவற்றுடன் ‘ஆர்.ஓ.சி.’ என்னும் குறியீடும் பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றங்களின் பதிவெண் என்பது அதன் பொருள். 325 என்ற ஒரே மாதிரி பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்டது. இடையிடையே உட்பாகங்கள் திருத்தப்பட்டன. மாதிரி எண்ணை மட்டும் சொல்லி வாங்கிய பாகம் பொருந்தாமற் போகலாம். பதிவெண்ணையும் சொன்னால்தான் சரியான பாகம் கிடைக்கும். இதனைப் பாடபேதம் என்று சொன்னால் நம் வாசகர்கள் உடனே புரிந்துகொள்வர். நூல் ஒன்றுதான், பிரதிகள் பல. எந்தப் பிரதி நம் கையில் இருக்கிறது என்பதை அறியாமல் உரை எழுதப் புகுந்தால் பிழையே மிஞ்சும்.

கையேடுகள் எங்கே கிடைக்கின்றன? வியப்பூட்டும் வகையில், மிகப் பழையவற்றுக்கு இடர்ப்பாடு குறைவு. நீராவி எஞ்சின்களில் பொருத்தப்பட்ட வெஸ்டிங்ஹவுஸ் காற்றுப் பம்புகள் ஒன்பதரை அங்குலம், எட்டரை அங்குலம் என நீராவிச் சிலிண்டரின் விட்டத்தால் பெயர் பெற்றவை. அவற்றைப் பற்றி எஞ்சின் ஓட்டுநர்கள் தேர்வுக்குப் படிக்க வினா‑விடை நூல்கள் அச்சாயின. இராபர்ட் பிளாக்கால் எழுதிய நூல் அவற்றுள் ஒன்று. அமெரிக்கச் சட்டப்படி, வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த நூல்கள் பொதுவுடைமை ஆகிவிடுவதால், நூலகங்கள் அவற்றை மின்னுருவாக்கித் தடையின்றி வழங்குகின்றன. பாரம்பரிய இரயில்களைப் பேணுவோர்க்கு இவையே துணை. நடுக்காலத்து இயந்திரங்களுக்குத்தான் இன்னல் மிகுதி. அவற்றின் கையேடுகள் இயந்திரத்தோடு கொடுக்கப்பட்ட மெல்லிய தாள்கள். எண்ணெய்க் கறையோடு சுவரில் தொங்கி, பட்டறை மூடிய நாளில் குப்பைக்குச் சென்றவை.

கையேடு இல்லாவிடினும் சில பாகங்களைத் தேடிவிடலாம். பேரிங்கின் விளிம்பில் எண் இருக்கும். அந்த எண் பல நிறுவனங்களுக்கும் பொது. ஆயில் சீலை அளந்து வாங்கலாம். கேஸ்கெட்டைத் தாளிலிருந்து வெட்டிக்கொள்ளலாம். வால்வோ அவ்வாறன்று. அதன் தகட்டின் தடிமனும் ஸ்பிரிங்கின் விறைப்பும் அந்த இயந்திரத்தின் வேகத்துக்கென்றே கணக்கிடப்பட்டவை. கண்ணளவில் ஒத்திருக்கும் வேறொன்றைப் பொருத்தினால் சூடு ஏறும். தகடு உடைந்து பிஸ்டன்மேல் விழவும் கூடும். எண்ணெயும் அப்படியே. பொருந்தாத எண்ணெய் வெளியேற்று வால்வில் கரியாகப் படியும். அக்கரி தீப்பற்றிய விபத்துகள் உண்டு.

இவை எல்லாவற்றினும் பெரிய ஆபத்து தொட்டியில் இருக்கிறது. அழுத்தப்பட்ட காற்றில் நீராவி உண்டு; அது குளிர்ந்து நீராகி அடியில் தேங்கும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே இரும்பு மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் வெடித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது அரிது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1925இல் அழுத்தக் கலன்களுக்கெனத் தனி விதித்தொகுப்பை வெளியிட்டதும், 1919இல் அமைந்த தேசியக் கொதிகலன் ஆய்வாளர் வாரியம் கலன்களைப் பதிவு செய்வதும் இதன் பொருட்டே. பதிவு செய்யப்பட்ட தொட்டியின் தகட்டில் வாரியத்தின் எண் இருக்கும். அதனைக் குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்தினால், தயாரித்த நாளில் எழுதப்பட்ட விவரச் சான்றின் நகல் கிடைக்கும். அதில் தொட்டிச் சுவரின் தொடக்கத் தடிமன் எழுதப்பட்டிருக்கும். இன்று மீயொலிக் கருவியால் அளந்த தடிமனை அதனோடு ஒப்பிட்டால், இரும்பு எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியும். அதன்பின் சோதனை செய்வதாயின் காற்றை நிரப்பாமல் நீரை நிரப்பியே செய்வர். நீர் அமுங்காதாகையால் சுவர் பிளந்தாலும் வெடிப்பதில்லை. தேய்வு மிகுந்தால் தொட்டியைக் கைவிட்டுப் பம்பை மட்டும் காப்பாற்றுவதே அறிவுடைமை.

ஆகவே, அன்பர்களே, பழைய கம்ப்ரசர் ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், துரு நீக்கவும் வண்ணம் பூசவும் விரையாதீர்கள். முதலில் பெயர்த்தகட்டை மெல்லிய துணியால் துடைத்து, எழுத்து எழுத்தாகப் படியெடுங்கள். பம்புக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று எனத் தகடுகள் மூன்று இருக்கலாம், மூன்றையும் படியெடுங்கள். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசியவர்களை நாம் எவ்வளவு நொந்திருக்கிறோம்! உப்புத்தாளால் ஒரு தகட்டைத் தேய்ப்பவரும் அதே பிழையைச் செய்கிறார். கல்வெட்டுக்கு ஒரு வரலாறு போகும். இங்கே அதனோடு ஓர் உயிரும் போகக்கூடும்.

கையேடு ஒன்று உங்களிடம் இருக்குமாயின், அதனைப் பெட்டிக்குள் பூட்டாமல் ஒரு நூலகத்துக்குப் படி கொடுங்கள். இரும்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளும். தாளை நாம்தான் காக்கவேண்டும்.